மாலை நேரத்து ரவுடி

பகலில் அவர் கண்ணாடிக்கடையில் லென்ஸ் பொருத்துபவர். எறும்புத் தலையளவு திருகாணிகளை வலது கையால் முடுக்கிக் குடும்பத்தைக் காப்பாற்றுகிறார். மாலை ஆறு மணிக்கு மேல் ரவுடி.

பயப்பட வேண்டாம், முறைப்படி நியமனம் பெற்ற ரவுடி. மரச்சாமான் கடை மாடியில் மாஸ்டர் ஒருவர் சாண்டா சொல்லித் தருகிறார். பழைய சீன வித்தைகளிலிருந்து தெருவில் உதவக்கூடிய குத்து, உதை, பிடி, தூக்கிப்போடுதல் ஆகியவற்றை மட்டும் பொறுக்கிக் கலந்த நவீனக் கலை. தற்காப்பு என்றால் எதிரில் ஓர் அயோக்கியன் வேண்டுமல்லவா? சாதுவான முகத்தோடு நம்மவர் அந்த வேலையில் சேர்ந்தார். அவர் சட்டையைப் பிடிப்பார். மாணவர்கள் மணிக்கட்டை முறுக்குவார்கள். வலி தாங்காமல் தரையில் இரண்டு தட்டுத் தட்டினால் விட்டுவிடுவார்கள். ஆறு வருஷமாக மிக நாகரிகமாக நடந்துவந்த அராஜகம்.

போன மாதம் மனைவியின் அண்ணன் அங்கே மாணவராக வந்து சேர்ந்தார். தங்கையின் கல்யாணத்தை எதிர்த்து, எட்டு வருஷம் முகம் கொடுத்துப் பேசாதவர். முதல் நாள், தட்டியதும் விட்டார். மறுநாள், தட்டிய பின் நிதானமாக ஒரு மூச்சு இழுத்து, அப்புறம் விட்டார். மூன்றாவது வாரம், "வலிக்குதா மாப்ள?" என்று விசாரித்து, பதில் வந்த பிறகே விட்டார்.

"மெதுவா மச்சான். இந்தக் கையாலதான் உங்க தங்கச்சிக்குச் சோறு."

"தெரியும் மாப்ள. அதான் பார்த்துப் பிடிக்கிறேன்."

மறுநாள் கடையில் ஒரே திருகாணி மூன்று முறை விரலிலிருந்து நழுவி விழுந்தது. முதலாளி அந்தக் கண்ணாடியை வாங்கிப் பக்கத்து ஆளிடம் கொடுத்தார். திட்டியிருந்தால் தேவலை.

இந்த ரவுடித்தனத்தை விட்டுவிடலாமா என்று வீட்டில் பேச்செடுத்தார்.

"எட்டு வருஷம் கழிச்சு அண்ணன் உங்க கையைப் பிடிச்சிருக்காரு. நீங்களே கெடுத்துடாதீங்க" என்றாள் மனைவி.

தேர்வு நாள் வந்தது. "இன்னிக்குத் தட்டு செல்லாது. தெருவுல ரவுடி தட்டினா விட்டுடுவீங்களா? நான் சொன்னாத்தான் விடணும்" என்றார் மாஸ்டர். மச்சான் பயபக்தியோடு தலையாட்டினார்.

நம்மவர் ஆறு வருஷ வழக்கத்தை மீறி, இடது கையால் சட்டையைப் பிடித்தார். அந்தக் கூடத்தில் இடது கை ரவுடியை யாரும் சந்தித்ததில்லை. மச்சானின் இரண்டு கைகளும் மனப்பாடமாகப் பாய்ந்து, வலது மணிக்கட்டு இருந்திருக்க வேண்டிய காற்றைப் பிடித்து, மிகக் கொடூரமாக முறுக்கின. அந்த வேகத்தில் அவரே குப்புற விழுந்தார். யாரோ சிரித்தார்கள். மாஸ்டர் தாளில் ஃபெயில் என்று எழுதினார்.

மச்சான் எழுந்து வந்து தோளில் கை போட்டார்.

"நல்ல பாடம் மாப்ள. மறு தேர்வு ரெண்டு வாரத்துல. இனிமே ரெண்டு கையையும் பழகணும். ஞாயித்துக்கிழமை உங்க வீட்டுக்கே வந்துடுறேன்."

"வீட்ல மெத்தை விரிப்பு எதுவும் இல்லையே மச்சான்."

"பரவாயில்ல. மாஸ்டரும் இல்லையே."

செய்தி கேட்டு மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. அண்ணன் முதல்முறையாக வாசலேறி வருகிறார். சனிக்கிழமையே நாற்காலிகளை ஓரங்கட்டி, நடுவில் தாராளமாக இடம் ஒதுக்கிவிட்டாள். நம்மவர் கட்டிலில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். எதைக் கொடுப்பது என்று இன்னும் முடிவாகவில்லை.