தலைவரும் துளைவடுக் கற்களும்

நண்பகலில் மலையிலிருந்து எச்சரிக்கை ஊதல் ஒலித்ததும் எங்கள் பேரூராட்சி அலுவலகத்தில் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டு, மேசைமேல் இருக்கும் நீர்க்குவளையைக் கையால் பற்றிக்கொள்வோம். தலைவர் மட்டும் தம் அறையைவிட்டு வெளியே வந்து, வாயிற்படியில் நின்று, மேற்கு நோக்கிச் செவியைச் சாய்ப்பார். வேட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வெடிக்கும். சுவர்கள் நடுங்கி அடங்கும். ஒவ்வொரு வெடியையும் தனித்தனியே கேட்டுவிட்ட நிறைவு முகத்தில் படர்ந்தபின்புதான் அவர் உள்ளே திரும்புவார். துளைக்குழி ஒன்று வெடிக்காமல் எஞ்சிவிட்டதென்று ஐயம் தோன்றினால் உடனே அலைபேசியை எடுத்து, "ஒண்ணு இன்னும் பேசல. யாரையும் உள்ள விடாத" என்பார். கல்லுடைப்பவராக இருந்து தலைவரானவர் அவர். செவி பழைய தொழிலிலேயே நின்றுவிட்டது.

தேனிக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருக்கும் அப்பேரூரில் நான் செயல் அலுவலராகப் பணியாற்றிய காலம் அது. கல்வெட்டாங்குழி என்னும் நல்ல சொல் தமிழில் இருக்க, ஊரார் குவாரி என்றே சொன்னார்கள். நானும் சில திங்களில் அவ்வாறே சொல்லப் பழகிவிட்டேன். ஊரின் பாதி வயலை நம்பியும் மறுபாதி குவாரியை நம்பியும் வாழ்ந்தது. வயலை நம்பியவர்கள் பல தலைமுறையாக அங்கிருந்தவர்கள். குவாரியை நம்பியவர்களுள் பெரும்பாலோர் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து கப்பலில் வந்து சேர்ந்தவர்கள். தலைவர் அவர்களுள் ஒருவர். அரசின் பதிவேடுகளில் அவர் 'தாயகம் திரும்பியவர்'. ஊரின் பேச்சில் 'சிலோன்காரர்'. பிறக்காத மண்ணுக்கு ஒருவர் எவ்வாறு திரும்ப முடியும் என்று நான் ஒருமுறை கேட்டபோது அவர் சிரித்தார். தம் பாட்டனார் தேயிலைக் காட்டுக்குப் போனது இந்தப் பக்கத்திலிருந்துதான் என்று சொல்வார்கள், எந்த ஊரென்றுதான் யாருக்கும் நினைவில்லை என்றார்.

அவரைத் தலைவராக்கியது ஓர் இறப்பு. இளமையிலேயே அவர் மனைவி கல்தூசு நெஞ்சில் இறங்கி மாண்டார். அவ்வூரில் ஒவ்வொரு குடிக்கும் தனித்தனி இடுகாடு உண்டு. வந்தேறிகளுக்கு என ஒன்றும் இல்லை. உடலை வீட்டில் வைத்துவிட்டு அவர் ஒவ்வொரு தெருப் பெரியவரிடமும் சென்று நின்றிருக்கிறார். ஒருவரும் கடிந்து பேசவில்லையாம். "எங்க ஆளுகட்டக் கேட்டுச் சொல்றோம்" என்பதே எல்லா வாயிலிலும் கிடைத்த மறுமொழி. மாலை சாய்ந்ததும் அவர் எவரையும் கேளாமல், குவாரிக்கு மேலே கிடந்த கரட்டுச் சரிவில் தம் கையாலேயே குழி தோண்டி மனைவியை அடக்கம் செய்தார். அதன்பின் குவாரி மக்கள் தங்கள் இறந்தோரை அங்கேயே கொண்டுசென்றனர். அவர் தோண்டிய அந்த முதற்குழியே அவர்களுக்கு உரிமைப் பத்திரம் ஆயிற்று. பின்னாளில் ஊரின் இரு பெருங்குடிகளும் தலைவர் பதவிக்கு ஒருவர் மற்றவரை ஏற்க மறுத்தபோது, குவாரித் தெருவின் உறுப்பினராக வென்றிருந்த, இருவருக்கும் உறவல்லாத அவரை மற்ற உறுப்பினர்கள் தேர்ந்தெடுத்தார்கள்.

அச்சரிவில் இருந்த நடுகற்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாறை வெடித்துப் பிளக்கும்போது, வேட்டுக்காகத் துளைத்த குழியின் பாதி, பிளந்த கல்லின் முகத்தில் நீண்ட பள்ளமாகத் தங்கிவிடும். அத்தகைய துளைவடு உள்ள கல்லையே தேர்ந்து, வடு கிழக்கு நோக்குமாறு தலைமாட்டில் நடுவார்கள். ஊதுபத்தியை அப்பள்ளத்தில் சாய்த்து வைப்பார்கள். எந்தக் கல்லிலும் பெயர் இராது. ஏன் பெயர் பொறிப்பதில்லை என்று கேட்டேன். "ரெண்டு நாட்டுப் பதிவேட்டுலயும் எங்க பேரு எழுதித்தான் ஐயா இருந்துச்சு. எழுதி என்னாச்சு?" என்று மட்டும் சொன்னார். ஆயினும் தம் கல் எது என்று ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருந்தது.

அவர் பொறுப்பேற்ற சில ஆண்டுகளில் குவாரி உரிமையாளர் ஒரு வேண்டுகோளுடன் வந்தார். நல்ல பாறை இடுகாட்டுச் சரிவுக்கு அடியில் ஓடுவதாகவும், அது கிடைக்காவிடில் தொழிலை நிறுத்திவிடுவதாகவும் சொன்னார். பேரூராட்சி தடையில்லை என்று தீர்மானம் இயற்ற வேண்டும். ஊர் இரண்டாகவில்லை, நூறாகச் சிதறியது. தேநீர்க் கடையில் தலைவரின் செவியில் விழுமாறே பேசினார்கள். "பொண்டாட்டி கெடக்குற எடத்த அவுக குடுப்பாகளா? வேற பேச்சுப் பேசுங்கப்பா" என்றார் ஒருவர். அடுத்தவர் நேரடியாகவே, "செத்தவுகளுக்கு வயிறில்ல தலைவரே. இருக்கவுகளுக்கு இருக்கு" என்றார். தலைவர் தேநீரை அருந்தி முடித்து, குவளையைக் கழுவி வைத்துவிட்டு எழுந்தார். கடைக்காரர் தடுத்தும் கேளாமல் குவளையைத் தாமே கழுவும் வழக்கத்தை அவர் பதவிக்கு வந்த பின்னும் விடவில்லை.

தம் மக்களைக் கூட்டி அவர் சொன்னது சுருக்கமானது. நிலத்தைக் கொடுப்போம், எந்திரம் நுழையுமுன் நம் கையாலேயே நம்மவர்களை எடுத்து, வாய்க்காலை ஒட்டிய பொது நிலத்தில் வைப்போம். அந்த நிலத்துக்கு இரு குடிகளின் இசைவையும் அவர் முன்கூட்டியே பெற்றிருந்தார். எதிர்த்தவர் அவருடைய மனைவியின் தம்பி ஒருவரே.

"எங்க அக்காவ ஒரு தடவ பொதைச்சது போதாதா மச்சான்?"

"போதாதுடா," என்றார் தலைவர். "நாளைக்கு ஒம் பிள்ளைக சட்டிபானையோட லாரியில ஏறி இன்னொரு ஊரு தேடுறதப் பாக்க எனக்குத் தெம்பில்ல."

தீர்மானம் நிறைவேறியது. தை அமாவாசையன்று கல்லுக்குக் கல் படையலிட்டு, இறந்தோரிடம் சொல்லிக்கொண்டு, மறுநாள் தோண்டுவதென முடிவாயிற்று. சொல்லாமல் எடுப்பது முறையன்று என்று பெண்கள் உறுதியாக இருந்தார்கள். குவாரி உரிமையாளரும் அதுவரை பொறுக்க ஒப்புக்கொண்டார். ஆயினும் அமாவாசைக்கு முந்திய நாள், சரிவுக்குப் பாதை அமைப்பதற்காக மண்ணள்ளும் எந்திரம் ஒன்று அனுப்பப்பட்டது. அதை ஓட்டியவர் அண்மையில்தான் வடக்கேயிருந்து வேலைக்கு வந்தவர், தமிழ் அறியாதவர். பாதையில் கிடக்கும் குவாரிக் கற்களை அள்ளி அரைவைக்குக் கொண்டுபோகுமாறு யாரோ சைகையால் சொல்லியிருக்கிறார்கள். துளைவடு உள்ள கல் குவாரியில் உடைத்துப் போட்ட கல் என்பதில் எந்தக் குவாரித் தொழிலாளிக்கு ஐயம் வரும்? எந்த வடு அவற்றைச் சமாதியாக்கியதோ, அந்த வடுவே அவர் கண்ணுக்கு அவற்றைக் கழிவாக்கிக் காட்டியது. பாதையைத் தாண்டியும் கண்ணில் பட்ட வடுக்கற்களை எல்லாம் அவர் ஒழுங்காக அள்ளியிருக்கிறார். மாலைக்குள் அவை ஜல்லியாகிவிட்டன.

அமாவாசைக் காலையில் தலைவர் அழைக்க நான் விரைந்து சென்றேன். பொங்கற்பானையும் வாழையிலையும் ஏந்திய மக்கள் ஒரு வெற்றுச் சரிவின்முன் நின்றிருந்தார்கள். அழுகையில்லை, ஒருவர் மற்றவரிடம் "நம்மது இங்கனதான?" என்று தாழ்ந்த குரலில் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பிறகு யாரோ அந்த ஓட்டுநரைக் கண்டுவிட்டார்கள். கூட்டம் அவரை நோக்கித் திரும்பியது. மறுநாள் தோண்டுவதற்காகக் கொண்டுவந்து வைத்திருந்த கம்பியும் கடப்பாரையும் கைகளில் ஏறின. என்ன தவறு செய்தோம் என்பதே தெரியாமல் அவர் எந்திரத்தின் சக்கரத்தோடு ஒட்டி நின்றார். தலைவர் குறுக்கே போய் நின்றார்.

"அவனுக்கு எப்படித் தெரியும்? நாம வந்த புதுசுல கோயில் கல்லு எது, வரப்புக் கல்லு எதுன்னு தெரியாம ஏறி உக்காந்து அடி வாங்கலயா?"

மனைவியின் தம்பி முன்னே வந்தார். "அதுல எங்க அக்கா கல்லும் போயிருக்கு மச்சான். அதுக்கு ஒரு வார்த்த வாயில வரல. எவனோ ஒருத்தனுக்கு வருது."

தலைவர் ஓட்டுநரின் மணிக்கட்டைப் பற்றிக் கூட்டத்தின் நடுவே நடத்தி அழைத்துச் சென்றார். எங்கிருந்தோ எறியப்பட்ட மண்ணாங்கட்டி ஒன்று அவர் தோளில் பட்டு உதிர்ந்தது. திரும்பிப் பாராமல் பேருந்து நிலையம்வரை நடந்து, அந்த மனிதரை வண்டியேற்றிவிட்டே வந்தார்.

மறுநாள் தோண்டியபோது கிடைத்தவை எவருடையவை என்று எவராலும் சொல்ல முடியவில்லை. பிறருடைய எலும்பைத் தம்முடையதென்று பெற்றுக்கொள்ளப் பலர் அஞ்சினர். இறுதியில் அந்தக் குடியிருப்பின் மூத்த பெண்மணி ஒருவர், "எல்லாரையும் ஒரே குழியில வைங்கப்பா. கப்பல்ல வரயில தனித்தனியாவா வந்தோம்?" என்றார். அவ்வாறே வைத்தார்கள். தலைவர் கொட்டிய முதற்பிடி மண்ணுக்குப்பின் அவர் அருகில் ஒருவரும் நிற்கவில்லை. அடுத்த தேர்தலில் அவருடைய மக்களே அவருக்கு வாக்களிக்கவில்லை.

அந்த நிலத்தைத் தின்ற குவாரியும் நிலைக்கவில்லை. அளவுக்கு மீறி ஆழம் போனதென்று சில ஆண்டுகளில் ஆணை வந்து மூடப்பட்டது. அவர் எதைத் தடுக்க எண்ணினாரோ அதுவே நடந்தது. குடும்பங்கள் சட்டிபானையோடு லாரியேறித் திருப்பூருக்கும் கேரளத்து ஏலத்தோட்டங்களுக்கும் போயின. அவர் செய்தது சரியா என்று ஓய்வுபெற்ற இவ்வாண்டுகளில் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். அன்று அவர் குறுக்கே நின்றிராவிடில் ஓர் உயிர் போயிருக்கும். அதில் எனக்கு ஐயமில்லை. நிலத்தைக் கொடுத்தது பற்றித்தான் என் உள்ளம் இன்னும் ஒரு முடிவுக்கு வர மறுக்கிறது. கொடாமல் இருந்திருந்தால் சில ஆண்டுகள் முன்னரே அதே லாரிகள் வந்திருக்கும். நடுகற்களாவது இருந்திருக்கும் என்று ஒரு மனம் சொல்கிறது. அவற்றுக்கு ஊதுபத்தி வைக்க எவர் இருந்திருப்பார் என்று மறுமனம் கேட்கிறது.

இவ்வாண்டு தை அமாவாசையன்று, நான் இப்போது வசிக்கும் அல்லிநகரத்திலிருந்து பேருந்தேறி அவரைப் பார்க்கச் சென்றேன். வாய்க்கால் ஓரத்தில் இருப்பார் என்று எண்ணிப் போனேன். அங்கே ஒருவரும் இல்லை. குவாரியின் விளிம்பில், கம்பிவேலிக்கு வெளியே தனியாக நின்றிருந்தார். கீழே, மிகத் தாழ்வில், பச்சை நீர் அசையாமல் கிடந்தது. எதிரே மலை இருந்த இடத்தில் வானம் இருந்தது. வாய்க்கால் பக்கம் போகவில்லையா என்று கேட்டேன்.

"அந்தக் குழியில அவ இருக்காளான்னு எனக்கு உறுதியில்ல ஐயா. இங்கன வச்சது நான். அது தெரியும்."

அவர் வைத்த நிலம் இப்போது இல்லை. அடியில் இருந்த பாறையோடு அது வெட்டப்பட்டு, அரைக்கப்பட்டு, எங்கெங்கோ சாலைகளுக்குப் போய்விட்டது. எந்த இடம் என்று நான் கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டேன். அவர் சிறிது நேரம் அளந்து பார்த்துவிட்டுக் கையை உயர்த்தி, நீருக்கு மேலே, வெறுங்காற்றைச் சுட்டினார்.

"அந்தா, கொக்குப் பறக்குதுல்ல, அதுக்குக் கொஞ்சம் கீழ."

கொக்கு கடந்து போய்விட்டது. அவர் கை இறங்கவில்லை.