நுரை வர ஆற்றிய ஜெலட்டின்

என் கணவருக்கு எதையும் ஆற்றாமல் குடிக்க வராது. காபி, பால், சூப், ஏன், சுக்கு வெந்நீரைக்கூட ஒரு டம்ளரிலிருந்து இன்னொரு டம்ளருக்கு முழ நீளத்துக்கு இழுத்து, நுரை தள்ளினால்தான் திருப்தி. நாங்கள் குடியேறிய வெளிநாட்டு ஊரான டார்னெய்ட்டில் எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். நானும் சிரித்தவள்தான், அந்தச் சனிக்கிழமை வரை.

நான் வேதியியல் படித்தவள். ஊரில் ஒரு பால் பண்ணையின் சோதனைக்கூடத்தில் வேலை பார்த்தேன். இங்கே வந்ததும் எல்லா இண்டர்வியூவிலும் ஒரே கேள்வி, லோக்கல் எக்ஸ்பீரியன்ஸ் இருக்கிறதா என்று. வேலை கொடுத்தால்தானே அனுபவம் வரும்! கடைசியில் ஒரு கிடங்கில் பெட்டி ஒட்டப் போனேன். மூளை துருப்பிடித்துவிடக் கூடாதே என்று கராஜில் பீர் காய்ச்ச ஆரம்பித்தேன். அதற்காகச் சொந்தக்காரர்கள் வாயில் விழுந்ததெல்லாம் தனிக் கதை.

பக்கத்தில் சின்னதாக ப்ரூவரி, அதாவது பீர் ஆலை, நடத்தும் ஒரு பெண்மணி உதவிக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தாள். "நீ செய்த பீரைக் கொண்டு வா, பார்க்கலாம்," என்றாள். எனக்குத் திறந்த ஒரே கதவு அது.

பீர் நன்றாகவே வந்திருந்தது. கலங்கல் மட்டும் போகவில்லை. அதற்கு ஜெலட்டினை வெந்நீரில் கரைத்து, சூட்டோடு குளிர்ந்த பீரில் விட வேண்டும். மிதக்கிற ஈஸ்டையெல்லாம் இழுத்துக்கொண்டு அது அடியில் போய்ப் படியும். ஆனால் நொதித்து முடிந்த பீருக்குக் காற்று ஆகாது. பட்டால் கொஞ்ச நாளில் நனைந்த அட்டைப்பெட்டி வாடை வந்துவிடும். அதனால் காற்று உள்ளே புகாதபடி கார்பன் டை ஆக்சைடு கேஸை ஓடவிட்டு, பீப்பாயின் சின்ன வாய் வழியாகத்தான் விட வேண்டும்.

ஜெலட்டினைக் கரைத்து வைத்த நேரம் பார்த்துக் கிடங்கிலிருந்து போன். பேசிவிட்டுத் திரும்பினால் கராஜில் இவர், கையில் கரண்டியோடு.

"ரொம்பச் சூடா இருந்துச்சும்மா. நல்லா ஆத்தி ஊத்திட்டேன். கலக்கியும் விட்டுட்டேன்," என்றார் பெருமையாக. பீப்பாயின் பெரிய மூடி திறந்து கிடந்தது. டம்ளரில் நுரை.

"யாருங்க உங்கள ஆத்தச் சொன்னது?" நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. அவர் முகம் சுண்டிப்போனது. சுத்த சைவம் அவர். மாட்டுத் தோலிலிருந்து எடுக்கிற சாமான் என்று தெரிந்தும் எனக்காக அதைத் தொட்டிருக்கிறார். அது உறைத்ததும் கோபம் பாதியாகக் குறைந்தது. மீதிப் பாதி இருக்கத்தான் செய்தது.

மூடியை இறுக்கி, கார்பன் டை ஆக்சைடை அடைத்து, திறந்துவிட்டு, மறுபடி அடைத்து, மேலே நின்ற காற்றை முடிந்தவரை விரட்டினேன். உள்ளே கரைந்ததை என்ன செய்ய? பிரிட்ஜில் வைத்துவிட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். அவர் அந்த வாரம் முழுக்கக் காபியை ஆற்றாமலே குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டார்.

அடியில் படிந்த வண்டலோடு முதல் கிளாஸ் கலங்கலாக வந்தது, கொட்டினேன். இரண்டாவது பளிச்சென்று வந்தது. கிளாஸுக்குப் பின்னால் என் கைரேகை தெரிந்தது. குடித்துப் பார்த்தால், கடைசி மிடறில் லேசாக அட்டை வாடை. வேறு வழியில்லாமல் அதையே பாட்டிலில் அடைத்து எடுத்துப் போனேன்.

அந்தப் பெண்மணி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், முகர்ந்தாள், குடித்தாள். "காற்று பட்டிருக்கிறது," என்றாள்.

மழுப்பியிருக்கலாம். எனக்கு அது வராது. "ஆமாம். ஜெலட்டின் விடும்போது மூடி திறந்திருந்தது. கேஸை வைத்து விரட்டினேன், முழுதாகப் போகவில்லை. இனி வைத்திருந்தால் நிறமும் கறுக்கும். குடிப்பதானால் இப்போதே குடித்துவிடுங்கள்," என்றேன். வேலை போனது என்றே நினைத்தேன்.

அவள் கிளாஸைக் காலி செய்தாள். பிறகு குனிந்து என் செருப்பைப் பார்த்தாள்.

"இங்கே தரையெல்லாம் ஈரமாக இருக்கும். உன் கால் அளவு என்ன? பூட்ஸ் எடுத்து வைக்க வேண்டும்."

இந்த நாட்டில் வேலை கேட்டுப் போன இடத்தில் யாரும் என்னிடம் அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. "ஏழு," என்றேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன்.