சாக்கில் அச்சான முகம்

திருத்துறைப்பூண்டிப் பக்கம் பூவம்மாளின் கணவர் காயாரோகணத்தை அறியாதவர் இல்லை. அறுவடைக் கூலியை உயர்த்தக் கேட்டு நடந்த கூட்டங்களில் அவர் பாடுவார். கரகரத்த குரல்; பெரிய பாட்டு என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தக் குரலுக்கு மிராசுதார்கள் பயந்தார்கள்.

அவர் காமாலையில் இறந்த மறுவருஷம், பக்கத்து வீட்டு வாசலில் கால் துடைக்கப் போட்டிருந்த உரச்சாக்கைப் பூவம்மாள் பார்த்தாள். அதில் அவர் சிரித்துக்கொண்டிருந்தார். கீழே 'காயாரோகணம் உரம்' என்று அச்சடித்திருந்தது.

நேரே உரக்கடைக்குப் போனாள். முதலாளி இராஜாங்கத்துக்கு ஊரில் பாதி நிலம். காயாரோகணம் பாடியதே அவரை எதிர்த்துத்தான்.

"யாரைக் கேட்டு அவரு படத்தைப் போட்டீங்க?"

"உன் கொழுந்தன் உத்திராபதியை. முறையா எழுதிக் கொடுத்திருக்கான்."

"எழுதிக் கொடுக்க அவரு யாரு?"

"கொள்ளி வச்சவன். உனக்குத்தான் பிள்ளை இல்லையே. சுடுகாட்டுக்கே வராத பொம்பளைக்கு என்ன பாத்தியதை?"

பெண்கள் வரக்கூடாது என்று அவளைத் தெருமுனையிலேயே நிறுத்தியது ஊர். நிறுத்தியதையே அவளுடைய குற்றமாக்குகிறார்கள். இதற்கு வழக்கம் என்று பெயர்.

"அந்த மூஞ்சியத்தானேங்க கொழுந்தன் எரிச்சாரு? எரிச்சப்புறம் விக்கிறதுக்கு என்ன மிச்சம் இருந்துச்சு?"

"புருஷனையே மிஞ்சிடுவ போலிருக்கே! செத்தும் பேரு வாங்கறான், சந்தோஷப்படு."

அந்த வாரமே இராஜாங்கத்தின் வயலில் நடவு. வரப்பில் அதே மூட்டைகள் கிடந்தன. நடவுக்கு வந்த பூவம்மாளும் மற்றப் பெண்களும் இறங்காமல் நின்றார்கள்.

"இதை எடுக்கச் சொல்லுங்க. அவரு மூஞ்சியில மிதிச்சுக்கிட்டு வேலை செய்யமாட்டோம்" என்றாள் அவர்களில் ஒருத்தியான மலர்கொடி.

பறித்த நாற்று வெயிலில் துவண்டுகொண்டிருந்தது. இராஜாங்கம் ஆளைக் கூப்பிட்டு மூட்டைகளைக் குப்புறப் புரட்டிப் போடச் சொன்னார். காயாரோகணத்தின் முகம் சேற்றில் அழுந்தியது.

"இப்ப தெரியலைல்ல? இறங்குங்க."

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அன்றைய கூலியில்தான் ராத்திரிச் சோறு. ஒவ்வொருத்தியாக இறங்கினார்கள், மலர்கொடியும்.

பூவம்மாள் மட்டும் வரப்பில் நின்றாள். பிறகு குனிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு மூட்டையைப் புரட்டினாள். முந்தானையால் சேற்றைத் துடைத்தாள். அடுத்ததைப் புரட்டினாள்.

"ஏய், கையை எடு! அது என் சரக்கு!" என்று இராஜாங்கம் கத்தினார்.

"உரம் ஒங்களுதுதாங்க. அதை வேற சாக்குல கொட்டிக்குங்க." அவள் நிமிரவில்லை. "தெரியலைன்னா இல்லைன்னு ஆயிடுமாடி, மலரு?"

மலர்கொடி கையிலிருந்த நாற்றுமுடியைத் தண்ணீரில் போட்டுவிட்டுக் கரையேறினாள். மூன்றாவது மூட்டையின் மறுமுனையைப் பிடித்தாள்.