அவர் இழுத்த ஒயர்

அவள் வீடு வீடாகப் போய்ப் பரிசோதனைக்கு ரத்தம் எடுக்கிறவள். அலைச்சல் குறையட்டும் என்று கணவர் அவளுக்கொரு மின்சாரக் கார் முன்பதிவு செய்து வைத்தார். கார் வருவதற்குள் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். வாசலில் நின்ற காரைப் பார்த்து அவளுக்கு அழுகையும் வரவில்லை, ஆசையும் வரவில்லை. மறுநாள் விடியலில் அதில் வேலைக்குப் போயாக வேண்டும், அவ்வளவுதான்.

சார்ஜர் மாட்ட வந்த எலக்ட்ரீஷியனுக்கு ‘அவசரம்’ என்று பட்டப்பெயர், அத்தனை நிதானம். அடுப்படி பிளக் பாயிண்டைக் கழற்றியவன் திரும்பி அவள் காலைப் பார்த்தான்.

“ஏன்க்கா வீட்டுக்குள்ள எல்லாரும் செருப்போட இருக்கீங்க?”

“ஃப்ரிட்ஜைத் தொட்டா சுருக்குன்னு அடிக்கும். இந்த வீட்டுல அப்படித்தான்.”

“நல்ல வீடு போங்க! எர்த்தே இல்லக்கா. பச்சை ஒயர் எங்கயும் சேராம சும்மா நிக்குது.”

பக்கத்தில் நின்ற கொழுந்தனுக்குச் சுருக்கென்றது. “எங்கண்ணன் கையால இழுத்த ஒயரிங். இத்தனை வருஷம் ஒண்ணும் ஆகல. வாஷிங் மெஷின் பாயிண்ட்லயே மாட்டுப்பா.”

“மெஷின் கொஞ்ச நேரம் ஓடும் சார். கார் மணிக்கணக்கா இழுக்கும். ஒட்டு போட்ட இடம் இப்பவே கருகியிருக்கு, பாருங்க. காருக்கு மீட்டர்லேருந்து தனி கேபிள், தனி பிரேக்கர், கரண்ட் கசிஞ்சா உடனே விழுற ட்ரிப் சுவிட்ச், வெளிய குழி தோண்டி எர்த். இந்தப் பழைய லைனையும் உருவிட்டு, எர்த்தோட புதுசா இழுக்கணும். குழாய் இல்லாம பூச்சுல புதைச்சிருக்கு, சுவத்தக் கொத்தணும்.”

“அண்ணி, அவரு கை பட்டது இது ஒண்ணுதான் மிச்சம். கொத்த விடாதீங்க.”

அவள் கருகிய ஒட்டைப் பார்த்தாள். அதன்மேல் டேப் பிசிறில்லாமல் சுற்றியிருந்தது. எதைச் சுற்றினாலும் அவர் அப்படித்தான் சுற்றுவார். தனக்குள் ஏதாவது அசைகிறதா என்று சற்று நின்றாள். ஒன்றும் அசையவில்லை.

“பாப்பாவும் அந்த ஃப்ரிட்ஜைத்தான் தொடுறா. கொத்துங்க.”

மெயினை அணைத்தார்கள். உளி விழுந்த முதல் சத்தத்துக்கே கொழுந்தன் வெளியே போய்விட்டான். அவள் எட்டிப் பார்த்தபோது, யாரும் சொல்லாமலே எர்த்துக்குக் குழி தோண்டிக்கொண்டிருந்தான்.

சாயங்காலம் அவசரம் ஒவ்வொரு பாயிண்டிலும் டெஸ்ட் மீட்டரை வைத்துப் பார்த்தான். ட்ரிப் சுவிட்சை வேண்டுமென்றே விழ வைத்துப் பார்த்தான். பிறகுதான் சார்ஜரைக் காரில் மாட்டினான். பச்சை விளக்கு எரிந்தது.

உருவிய ஒயரைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு கொழுந்தன் நின்றான். “இத என்ன பண்றது அண்ணி?”

“சட்டை அழுக்காகுது. கீழ வைங்க” என்று சொல்லிவிட்டு, காலைக்கு வேண்டிய ரத்தக் குப்பிகளை அடுக்க உள்ளே போனாள்.