வைஃபை உபயம்

என் வாயாலேயே ஒரு நிரபராதியைக் காவல் நிலையத்துக்கு அனுப்பினேன். அதைச் சொல்லவே கூசுகிறது. ஆனால் மாரியம்மன் எனக்குச் செய்ததைச் சொல்ல வேண்டுமென்றால் இதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

மலேசியாவில் பீடோங் பக்கத்து எஸ்டேட்டில் கோயிலை ஒட்டியதுதான் எங்கள் வீடு. போன வருடத் திருவிழாவில் மற்றவர்கள் பூசைக்கும் சாப்பாட்டுக்கும் உபயம் கொடுத்தார்கள். நான் வைஃபை கொடுத்தேன். கோயில் பலகையில் ‘வைஃபை உபயம்: மணியம் குடும்பம்’ என்று எழுதி, கீழே பாஸ்வேர்டையும் போட்டேன். ஊரே மெச்சியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. திருவிழா முடிந்தும் அதை அழிக்க மனம் வரவில்லை.

ஆடி மாதம் போலீஸ் வந்தது. கல்யாணம் நிச்சயமான எங்கள் எஸ்டேட் பெண்ணைப் பற்றி யாரோ பொய்ப் பெயரில் இணையத்தில் அசிங்கமாக எழுதியிருந்தார்கள். அது போனது என் வைஃபை லைனிலிருந்து. லைன் யார் பெயரில் இருக்கிறதோ அவரே எழுதியதாகத்தான் சட்டம் எடுத்துக்கொள்ளும், இல்லையென்றால் அதை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும் என்றார் அதிகாரி. பலகையைப் பற்றிச் சொன்னால் தப்பு என் தலையில் விழுமே! பின் அறையில் வாடகைக்கு இருக்கும் சேகரும் இதே வைஃபையைத்தான் பயன்படுத்துகிறான் என்று மட்டும் சொன்னேன். அவனை அழைத்துப் போய்விட்டார்கள்.

அவன் மனைவி வசந்தி வாசலில் வந்து நின்றாள்.

“அண்ணே, பாஸ்வேர்டு கோயில் போர்டுலயே இருக்குலா. ஏன் எங்க வீட்டுக்காரரு பேர மட்டும் சொன்னீங்க?”

அப்படியே கோயிலுக்கு ஓடினேன். என்னைக் காப்பாற்று தாயே என்று கேட்க வாய் திறந்தேன். அழுகைதான் வந்தது. கடைசியில், உண்மையைச் சொல்லத் தைரியம் கொடு என்று மட்டும் கேட்டேன்.

விழுந்து கும்பிட்டு எழுந்தபோது பயம் விட்டுப்போயிருந்தது. பலகையைப் படம் எடுத்துக்கொண்டு நேராக ஸ்டேஷனுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். சேகரை அன்று மாலையே விட்டார்கள். வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் ஊரார் முன்னால் என் தப்பை ஒப்புக்கொண்டேன். அதற்கு மூன்றாம் நாள், அந்தப் பெண்ணைக் கேட்டுக் கிடைக்காத ஒருவன் தானாகவே ஸ்டேஷனுக்குப் போய், எழுதியது நான்தான் என்றான். நான் பேசியதைக் கேட்டபின் அவனுக்குச் சோறு இறங்கவில்லையாம். அதை நடத்தியது அம்மன்தான்.

இப்போது வெள்ளிதோறும் கோயில் பாத்திரம் கழுவுகிறேன். பலகையில் பெயர் பார்க்கும் ஆசை போய்விட்டது. சேகர், “விடுங்கண்ணே, நடந்தது நடந்துபோச்சு” என்றான். அவன் திட்டியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

பயத்தில் இருக்கும் உறவுகளே, அம்மனை நம்பிக் கேளுங்கள். நான் கேட்ட அன்றே கொடுத்தாள். சேகரின் பெயரைச் சொல்வதற்கு முன்பே நான் கேட்டிருக்கலாம்.