கூட்டமைப்பை விட்டுப் பிரிந்த ஆடி மாதம்

இரண்டு வருடத்துக்கு முன்னால், ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நாமக்கல்லில் இருந்து திருச்செங்கோடு போகும் சாலையில் ஒரு கல்யாண மண்டபம். ஆடியில் யார் கல்யாணம் வைக்கப் போகிறார்கள்? மண்டபம் சும்மா கிடந்ததால் எங்கள் ஊர் லாரி உரிமையாளர் சங்கம் அங்கே கூட்டம் போட்டது. அத்தனை ஆம்பளைகளுக்கு நடுவில் நானும் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

எனக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பீர்கள். எங்கள் லாரி என் பெயரில் இருக்கிறது. இந்தப் பக்கம் நிறைய வண்டிகள் பெண்டாட்டி பெயரில்தான் ஓடும். பெயருக்குத்தான் நாங்கள் ஓனர், வண்டிக்கு ஹாரன் எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாது. கூட்டத்துக்கெல்லாம் வீட்டுக்காரர்தான் போவார். அன்றைக்கு அவர் கம்பி லோடு ஏற்ற சத்தீஸ்கரில் இருக்கும் ராய்ப்பூருக்குப் போயிருந்தார். இருப்பது ஒரே வண்டி, அவரேதான் டிரைவர். கூட ஆள் கிடையாது.

முதல் நாளே போனில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "ஏம்புள்ள, நீ போயே ஆகோணும். ஓட்டு உம்பேர்லதான் இருக்குது. பிரியக் கூடாதுன்னு கையத் தூக்கிப்போட்டு வா."

அவர் சொன்னது, எங்கள் சங்கம் சேர்ந்திருந்த பெரிய கூட்டமைப்பைப் பற்றி. பல மாநிலத்துச் சங்கங்கள் அதில் இருந்தன. அதன் ஸ்டிக்கர் கண்ணாடியில் ஒட்டியிருந்தால், எந்த ஊரில் வண்டி மாட்டினாலும் அதில் அந்தந்த ஊருக்கென்று இருக்கும் நம்பருக்கு ஒரு போன் போதும். அந்த ஊர் ஆட்கள் பைக்கை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். பாஷை தெரியாத ஊரில் போலீஸ் ஸ்டேஷனோ ஆஸ்பத்திரியோ, கூட நிற்க ஒரு மனுஷன் கிடைப்பார்.

அந்தக் கூட்டமைப்பு புதிதாக ஒரு விதி போட்டது. இப்போது வரும் லாரிகளில் புகையைச் சுத்தம் செய்வதற்கென்றே யூரியா கரைசல் ஊற்றும் தனி டேங்க் உண்டு. அது மக்கர் செய்தால் வண்டி இழுக்காது. அதனால் பல பேர் மெக்கானிக்கிடம் விட்டு அந்த இணைப்பையே துண்டித்துவிடுவார்கள். அப்புறம் வண்டி கரும்புகை கக்கிக்கொண்டு ஓடும். 'துண்டித்த வண்டியில் எங்கள் ஸ்டிக்கர் இருக்கக் கூடாது, ஒவ்வொரு சங்கமும் தன் வண்டிகளைச் சோதிக்க வேண்டும்' என்றது கூட்டமைப்பு. சண்டை அங்கேதான் பிடித்தது.

எங்கள் சங்கத் தலைவரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். நிறைய வண்டி வைத்திருப்பவர், ஊரில் நல்லது கெட்டதுக்கு முதல் ஆளாக வந்து நிற்பவர். மைக்கைப் பிடித்தால் மண்டபமே அதிரும்.

"நம்மூட்டு வண்டி எப்பிடி ஓடோணும்னு எங்கியோ ஏசி ரூம்புல உக்காந்துட்டு அவன் சொல்றதா? இன்னைக்குப் புகைன்னு உள்ள வாரான். நாளைக்கு எந்த ரோட்டுல போகோணும்னு சொல்லுவான். இங்கிலாந்துக்காரனே ஐரோப்பிய யூனியன உட்டுட்டு, எங்க நாட்டுக்கு நாங்கதான் சட்டம் போடுவம்னு வெளிய வந்துட்டான். எம்பையன் லண்டன்லதான் படிச்சான், எனக்குத் தெரியாதுங்களா? நமக்கு ரோசம் இல்லீங்களா?"

கைதட்டல் அடங்கவே இல்லை. எனக்கு முன்னால் இருந்த ஒருவர் மெதுவாக எழுந்தார். "ஏனுங்க தலைவரே, அங்க வெளிய வந்த பொறகு லாரி ஓட்ட ஆளில்லாம பெட்ரோல் பங்க்கெல்லாம் மூடிக் கெடந்துச்சுங்களே. டிவில காட்டுனானே, அதையுஞ் சொல்லுங்க."

"அவனுக்கு டிரைவரு பஞ்சம். நம்மூர்ல ஊட்டுக்கு ஊடு டிரைவரு!" என்றார் அண்ணன். மண்டபமே சிரித்தது. ஏன் பொய் சொல்ல வேண்டும், நானும்தான் சிரித்தேன்.

அண்ணன் பேசியதில் நியாயம் இல்லாமல் இல்லை. விதி போடும் முன் எங்களை மாதிரிச் சின்னச் சங்கங்களிடம் அந்தக் கூட்டமைப்பு ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் என் வீட்டுக்காரருக்கு வேறு கணக்கு. "அந்தப் புகைய எவன் குடிக்கறான்? முன்னால போறவன் உடறதப் பின்னால போற நாந்தான குடிக்கறேன்?" என்பார். ஒவ்வொரு நடை முடிந்து வரும்போதும் அவர் கழுத்துத் துண்டைத் துவைப்பவள் நான். தண்ணீர் கறுப்பாக ஓடும். மண்டபத்தில் உட்கார்ந்து பேசியவர்களில் பாதிப் பேர் ஸ்டியரிங்கைத் தொட்டு வருஷக் கணக்காகிறது.

"பிரியோணுங்கறவங்க கை தூக்குங்க" என்றார் அண்ணன். எங்கே பார்த்தாலும் கைதான். "இருக்கோணுங்கறவங்க?" நான் தூக்கினேன். வளையல் முழங்கை வரைக்கும் இறங்கிவிட்டது. அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில கைகள். பெட்ரோல் பங்க்கைப் பற்றிக் கேட்டவரும் தூக்கியிருந்தார். "அம்மிணி, ஓட்டு முடிஞ்சுதுங்க, கைய எறக்குங்க" என்று யாரோ கேலி செய்தார்கள். வாசலில் சரவெடி வெடித்தது. எல்லோருக்கும் சூடாகக் கேசரி கொடுத்தார்கள்.

அந்த வாரமே பெட்ரோல் பங்க்கில் வைத்து, வண்டி வண்டியாக பிளேடால் ஸ்டிக்கரைச் சுரண்டினார்கள். எங்கள் வண்டி திரும்பி வந்ததும் அதிலும் சுரண்டினார்கள். அதற்கு முன்னால், மனசு கேட்காமல் அதிலிருந்த நம்பர்களை நான் என் போனில் ஏற்றி வைத்துக்கொண்டேன். அவரோ, "செரி உடு, ஊரோட ஒத்துப் போகோணுமல்ல" என்று சொல்லிவிட்டு அடுத்த லோடுக்குக் கிளம்பிவிட்டார்.

அந்த வருடம் கார்த்திகையில் ஒரு நாள் காலை. நான் சமையலில் இருந்தேன். தெரியாத நம்பரில் இருந்து போன். யாரோ ஹிந்தியில் பேசினார்கள், பிறகு அவர் குரல் வந்தது. ராய்ப்பூருக்கு வெளியே ஒரு கிடங்கில் தார்ப்பாய் கட்டி இறங்கியபோது, ரிவர்ஸ் எடுத்த வேறொரு லாரி அவர் காலைச் சுவரோடு சேர்த்து நசுக்கிவிட்டது. சின்ன ஆஸ்பத்திரி ஒன்றில் போட்டிருக்கிறார்கள். "பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகச் சொல்றாங்க புள்ள. கூட ஆளு வேணுமாம், கையெழுத்துப் போடோணுமாம். இவங்க பேசறது ஒண்ணும் வெளங்கல" என்றார். போன் கட்டாகிவிட்டது.

சுரண்டிய ஸ்டிக்கரில் இருந்த ராய்ப்பூர் நம்பர் என் போனில் இருந்தது. உடனே போட்டேன். ஆண்டவன் புண்ணியம், எடுத்தவர் தமிழ் பேசினார். எங்கள் மாவட்டத்து நாமகிரிப்பேட்டைப் பக்கத்துக்காரர், ராய்ப்பூரில் டயர் கடை வைத்திருப்பவர். நடந்ததைச் சொல்லி, காலையில் போன் வந்த நம்பரையும் கொடுத்தேன். வண்டி எந்தச் சங்கம் என்று கேட்டார். சொன்னேன்.

"அக்கா, உங்க சங்கம் வெளிய போயிருச்சுங்களே. வெளிய போனவங்களுக்குப் போகக் கூடாதுன்னு மேல இருந்து சொல்லியிருக்காங்க. நான் கேட்டுட்டுக் கூப்பிடறனுங்க."

சாயங்காலம் வரைக்கும் அவர் கூப்பிடவில்லை. நான் போட்டால் மணி அடித்துக்கொண்டே இருந்தது.

விஷயம் தெரிந்ததும் அண்ணன் ஓடி வந்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். தன் காரிலேயே என்னைப் பெங்களூர் கூட்டிப்போய், விமானம் பிடித்து, மறுநாள் மதியம் ராய்ப்பூர் கொண்டு போய்ச் சேர்த்தார். வழியெல்லாம் யார் யாருக்கோ போன் போட்டார். நாமக்கல்லில் அவர் பெயரைச் சொன்னால் எந்த ஆஸ்பத்திரிக் கதவும் திறக்கும். அங்கே வாட்ச்மேன் அவரை வெளியே நில் என்று கையைக் காட்டினான். வெள்ளை வேட்டியோடு அவர் கையைக் கட்டிக்கொண்டு வெயிலில் நின்றதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

உள்ளே என் வீட்டுக்காரர் பக்கத்தில் அந்த டயர் கடைக்காரர் இருந்தார். மேலிடத்துப் பதிலுக்குக் காத்திருந்து பார்த்துவிட்டு, என்ன ஆனாலும் ஆகட்டும் என்று விடிந்ததும் போயிருக்கிறார். அவர்தான் கையெழுத்துப் போட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றியவர். டாக்டர் சொன்னதை அவர்தான் எனக்குத் தமிழில் சொன்னார். ரத்த ஓட்டம் நின்று நேரமாகிவிட்டது, முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும், நேற்றே கொண்டு வந்திருந்தால் காலைக் காப்பாற்றப் பார்த்திருக்கலாம். "நேத்தே வந்திருக்கோணுங்க அக்கா. கேட்டுட்டுப் போலாம்னு உட்டுட்டேன்" என்று என் எதிரிலேயே அழுதார். அவரைத் திட்டவும் முடியவில்லை, நன்றி சொல்லவும் வாய் வரவில்லை. எங்களுக்கு உதவியதற்காகக் கூட்டமைப்பு அவரிடம் விளக்கம் கேட்டது என்று பிறகு தெரிந்தது. அண்ணன் வராந்தாவில் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தார். மானம், ரோசம் எதையும் அவர் பேசவில்லை.

இந்த ஆடியில் மறுபடியும் அதே மண்டபம், அதே சங்கம். வேறு சில வண்டிகளும் வெளியூரில் மாட்டிச் சீரழிந்த பிறகு, மீண்டும் கூட்டமைப்பில் சேர்ந்துகொள்வது, புகை விதியையும் ஏற்றுக்கொள்வது என்று தீர்மானம். கொண்டு வந்தவர் அண்ணன்தான். வண்டி இன்னும் என் பெயரில் இருக்கிறது, சம்பளத்துக்கு ஆள் ஓட்டுகிறார். "நீ போய்க் கையத் தூக்கு புள்ள. இன்னொருத்தனுக்காச்சும் ஆகும்" என்று சொல்லித்தான் வீட்டுக்காரர் என்னை அனுப்பினார்.

"சேரோணுங்கறவங்க?" என்று அண்ணன் கேட்டதும், அன்றைக்குப் போலவே எங்கே பார்த்தாலும் கை. அதே வேகம், அதே கைதட்டல். நான் வேண்டும் என்று நினைத்தது அதுதான். ஆனாலும், என் வீட்டுக்காரர் கால் போன பிறகு வந்த அந்தக் கைகளோடு சேர என் கை மடியை விட்டு எழும்பவில்லை. அண்ணன் என்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒருமனதாக நிறைவேறியது என்று மைக்கில் சொன்னார்கள். கேசரி வாங்காமல் வந்துவிட்டேன்.

வீட்டு வாசலில் ஊன்றுகோலோடு நின்றிருந்தார். "தூக்குனயா புள்ள?"

"தூக்குனனுங்க" என்று சொல்லிவிட்டு, முகத்தைக் காட்டாமல் உள்ளே போனேன்.

இப்போதெல்லாம் டிவியிலோ மேடையிலோ யாராவது 'நம் முடிவை நாமே எடுப்போம்' என்று முழங்கினால், அந்த நேரத்தில் கூட்டத்துக்கு வர முடியாமல் எங்கோ ரோட்டில் போய்க்கொண்டிருப்பவர் யார், அவருக்குப் போன் அடித்தால் எடுக்க ஆள் இருக்கிறதா என்றுதான் என் மனம் தேடுகிறது.