ஏரிக்கரை வளைவில் ரீட்டா ஆன்ட்டி

நான் பார்த்ததையும் கேட்டதையும் செய்ததையும் உள்ளபடியே எழுதப்போகிறேன். என் பெயர் தேன்மொழி. பத்தாம் வகுப்பு படிக்கிறேன். இந்த இதழில் இதே பக்கத்தில் மாதந்தோறும் கார்களை ஓட்டிப் பார்த்து எழுதிவந்த டி.ஆர். அவர்கள் காக்ஸ் டவுனில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். அவர் இறந்த செய்தி சென்ற மாதம் ஒரு வியாழக்கிழமை காலையில் வந்தது. அம்மா எனக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தார். பால் வாங்கப் போன அப்பா வெறுங்கையோடு திரும்பி வந்து, "மல்லிகா, ரீட்டா போயிட்டாங்களாம்" என்றார். அம்மா பாதிப் பின்னலைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றார். அன்று நான் பள்ளிக்குப் போகவில்லை.

செய்தி கேட்டவர்கள் பலரும் முதலில், "கார்லயா?" என்று கேட்டார்கள். இல்லை. சிறு வயதில் வந்த ஒரு காய்ச்சலில் அவருடைய இதய வால்வு பழுதாகிவிட்டது. அது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். இருபது வருடங்கள் கார் ஓட்டியதில் அவர் ஒரு கோழியைக்கூட இடித்ததில்லை. இதையும் இங்கே எழுதிவைக்க விரும்புகிறேன்.

அடக்கத்துக்கு ஓசூரிலிருந்து மூன்று பேர் பெரிய மாலையோடு வந்திருந்தார்கள். வாசலில் நின்ற அப்பாவிடம் ஒருவர், "டி.ஆர். சார எங்க வச்சிருக்காங்க?" என்று தணிந்த குரலில் கேட்டார்.

"சார் இல்லீங்க, மேடம்."

"இல்லீங்க, நாங்க கேக்கறது கார் பத்தி எழுதுவாரே, அந்த டி.ஆர்."

"அவங்கதாங்க இவங்க."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மூத்தவர் அழுதுகொண்டே சிரித்துவிட்டார். "ஆறு வருஷமா 'மரியாதைக்குரிய ஐயா'ன்னு லெட்டர் போட்டிருக்கேன். ஒரு தடவையாவது சொல்லியிருக்கலாமே!"

அந்தக் கடிதங்களை ஆன்ட்டி எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து உரக்கப் படித்துக் காட்டுவார். "ஐயான்னா ஐயாவாவே இருந்துட்டுப் போறேன். அவங்களுக்கு வண்டியப் பத்தித்தானே கவலை, என்னப் பத்தியா?" என்பார்.

பகலில் அவர் ஓர் அலுவலகத்தில் தட்டெழுத்தர். ஞாயிற்றுக்கிழமைகளில்தான் டி.ஆர். இந்த இதழைப் படிப்பவர்கள் வருடத்துக்கு ஒரு கார் மாற்றுகிறவர்கள் அல்லர் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். "பத்து வருஷம் ஸ்கூட்டர்ல நாலு பேரா போயிட்டு, ஒரே ஒரு தடவை கார் வாங்குவாங்க. என் எழுத்தப் பாத்து வாங்குவாங்க. அப்புறம் அதுல பிள்ளைங்கள ஏத்துவாங்க" என்று சொல்வார். தன்னிடம் இருப்பது இரண்டு எழுத்துப் பெயர் ஒன்றுதான் என்றும், அதை யாராவது ஒரு தடவை நம்பாமல் போனால் மறுபடி நம்ப மாட்டார்கள் என்றும் சொல்வார்.

அதனால் அவர் எந்தக் காரையும் தனியாக ஓட்டிப் பார்த்து எழுதியதில்லை. "காலி வண்டி எல்லாமே நல்ல வண்டிதான். குடும்பக் கார்னா குடும்பத்தோட ஓட்டணும்." அவருக்குக் குடும்பம் இல்லாததால் எங்கள் குடும்பத்தை எடுத்துக்கொண்டார். முன்சீட்டில் அப்பா. பின்சீட்டில் அம்மா, நான், தம்பி பாபு. டிக்கியில் இரண்டு அரிசி மூட்டை.

"எங்கள எடைக்கல்லுன்னு நெனச்சியா ரீட்டா?" என்று அம்மா கேட்பார்.

"ஆமா மல்லிகா. வருஷா வருஷம் நீ நல்ல எடைக்கல்லா ஆயிட்டே வர்ற."

ஓசூர் சாலையில் அத்திபெலேக்குச் சற்று முன்னால் கிளைச்சாலை ஒன்று ஏரிக்கரையை ஒட்டி நீளமாக வளைகிறது. எல்லாக் கார்களுக்கும் தேர்வு அந்த வளைவில்தான். என் வேலை இது: மடியில் ஒரு கெட்டி அட்டை நோட்டு. வளைவு தொடங்கும்போது பென்சிலைத் தாளின் மேலே ஊன்றி, வளைவு முடியும் வரை ஒரே சீராகக் கீழே இழுத்துக்கொண்டு வரவேண்டும். ஸ்டியரிங் நல்லதாக இருந்தால் ஓட்டுபவர் ஒரு தடவை திருப்பி அப்படியே பிடித்துக்கொள்வார். அப்போது கோடு வில்லைப் போல் வழுவழுவென்று வரும். ஸ்டியரிங் சரியில்லை என்றால் நடுவழியில் இன்னும் கொஞ்சம் திருப்பி, பிறகு கொஞ்சம் விட்டு, மறுபடி திருப்பிச் சரிசெய்துகொண்டே போகவேண்டும். ஒவ்வொரு தடவையும் பின்சீட்டில் இருப்பவர் உடம்பு சிறிது குலுங்கும், கோட்டில் ரம்பத்தில் இருப்பதுபோல் ஒரு பல் விழும். ஓட்டுகிறவருக்குத் தன் வேலை பழகிப்போய்விடும், பின்சீட்டுக்காரர் கழுத்து பொய் சொல்லாது என்பது ஆன்ட்டியின் கட்சி. பத்திரிகையில் டி.ஆர். எழுதியதில் பாதி என் கோடுகளைப் பார்த்து எழுதியது என்று நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும். பள்ளியில் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னாலும் நம்பியிருக்க மாட்டார்கள்.

போன வருடம் ஜூனில் ஒரு புதிய கார் வந்தது. நான்கு கதவுகள், பின்னால் சின்ன இறக்கை, குடும்பத்துக்கும் ஆகும் வேகத்துக்கும் ஆகும் என்று விளம்பரம். ஷோரூம்காரர்கள் இரண்டு நாளைக்குக் கொடுத்தார்கள். அதன் ஸ்டியரிங்கை ஒரு விரலால் சுற்றலாம். அப்பா சுற்றிப் பார்த்துவிட்டு, "வெண்ணெய் மாதிரி இருக்குங்க!" என்றார்.

"வெண்ணெய் பேசாதுண்ணா" என்றார் ஆன்ட்டி. "லேசா இருக்கறது வேற, பேசறது வேற. கீழ டயர் என்ன பண்ணுதுன்னு ஸ்டியரிங் கைக்குச் சொல்லணும். அதுவும் கண்ணுக்குத் தெரியறதுக்கு முன்னாடியே சொல்லணும்."

அன்று ஏரிக்கரைக்குப் போய்ச் சேரும்போது தூறல் விழுந்துகொண்டிருந்தது. வளைவு முடிந்ததும் நோட்டைப் பார்த்தேன். கோட்டில் மூன்று பற்கள். என் கைதான் சரியில்லை என்று நினைத்தேன். ஒரு சொட்டு மை விழுந்தால் முழுப் பக்கத்தையும் திரும்ப எழுதுகிற பெண் நான். அதற்காகப் பரிசுகூட வாங்கியிருக்கிறேன். ரப்பரால் அழித்துவிட்டு, கார் நேர்ச் சாலைக்கு வந்தபிறகு, அழகாக, வில்லைப் போல் ஒரு கோடு போட்டேன். பாபு தூங்கிக்கொண்டிருந்தான். அம்மா வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் கவனிக்கவில்லை.

ஆன்ட்டி காரை நிறுத்திவிட்டு நோட்டை வாங்கி வெகுநேரம் பார்த்தார். விரல்களை மடக்கி மடக்கி நீட்டினார். "எனக்கு என்னமோ பஞ்சப் பிடிச்சிட்டிருந்த மாதிரி இருந்துச்சு. நடுவுல ரெண்டு மூணு தடவை திருப்பினேனோன்னு சந்தேகம். ஆனா கோடு இல்லங்குதே." அந்த வாரம் முழுவதும் அவருக்கு மூச்சுத் திணறல் இருந்தது. "உடம்பு சரியில்லல்ல, கையும் அசந்துபோச்சு போல" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை.

"மழையிலும் சொன்ன பேச்சைக் கேட்கும் ஸ்டியரிங்" என்ற தலைப்போடு அந்த மாதக் கட்டுரை முழுப் பக்கத்துக்கு வந்தது.

சில வாரங்கள் கழித்து அத்திபெலேயிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் முருகேசன் என்ற பள்ளி ஆசிரியர். டி.ஆரின் கட்டுரையைப் படித்து அந்தக் காரை வாங்கியிருக்கிறார். மனைவி, மூன்று பிள்ளைகளோடு மழையில் அதே ஏரிக்கரை வழியாக வந்தபோது, கார் வளைவை விட்டு விலகிப் பக்கத்துச் சேற்றுப் பள்ளத்தில் இறங்கிவிட்டது. யாருக்கும் அடி இல்லை. கோபமாக அவர் ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. கடைசி வரி மட்டும் எனக்கு இன்றும் மனப்பாடம்: "ஐயா, உங்கள் கைக்கு அது தெரியவில்லையா?"

ஆன்ட்டி அதை எங்கள் வீட்டுக் கூடத்தில் படித்துவிட்டுத் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "இனிமே நான் எழுதக் கூடாது மல்லிகா. கை போயிடுச்சு" என்றார். அப்போதுதான் நான் அழித்ததைச் சொன்னேன்.

"அடிப்பாவி!" என்று எழுந்துவிட்டார். "அழகா இருக்கணும்னு அழிச்சியா? நான் என்ன டிராயிங் போட்டியா வச்சேன்? அஞ்சு உசுரு போயிருக்கும்டி!" அம்மா என் முதுகில் ஒன்று வைத்தார். நான் அழுதேன். கொஞ்ச நேரம் கழித்து ஆன்ட்டி உட்கார்ந்தார். மெல்ல அவர் முகம் மாறியது. "அப்ப, என் கை சரியாத்தான் சொல்லியிருக்கு" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "மூஞ்சியக் கழுவிட்டு வா. ஞாயித்துக்கிழமை அத்திபெலே போறோம்" என்றார்.

பஸ்ஸில் போனோம். முருகேசன் சாருக்கும் டி.ஆர். ஒரு பெண் என்பது அன்றுதான் தெரிந்தது. அவருடைய மனைவி காப்பி கொடுத்துவிட்டு, "பசங்க இன்னும் அந்தப் பக்கம் வரமாட்டேங்கறாங்க மேடம்" என்று மட்டும் சொன்னார். ஆன்ட்டி அவர்களுடைய காரையே கேட்டு வாங்கி, முருகேசன் சாரையும் எங்களையும் ஏற்றிக்கொண்டு மழையில் அந்த வளைவில் அதே வேகத்தில் ஓட்டினார். நான் கோடு போட்டேன். நான்கு பற்கள் விழுந்தன. தொடவே இல்லை, அப்படியே கொடுத்தேன்.

"பாத்தீங்களா சார்? டயர் நழுவ ஆரம்பிக்கும்போது இது கைக்கு ஒண்ணுமே சொல்லல. நாம கண்ணால பாத்து, பயந்து, அப்புறம் திருப்பறோம். அதுக்குள்ள லேட்டாயிடுது. இதுல பிள்ளைங்களோட போனா, மழைன்னா வளைவுக்கு முன்னாடியே வேகத்தக் குறைச்சிடுங்க. வளைவுக்குள்ள போய்க் குறைக்காதீங்க." பிறகு கரையில் நிறுத்தி, "நான் எழுதினது தப்பு" என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

இந்த இதழின் ஆசிரியரிடம் அவர் பேசியபோது நானும் ஆஸ்டின் டவுன் அச்சகத்தில் கூடவே இருந்தேன்.

"கடிதப் பகுதியில ரெண்டு வரி போட்டுடலாம்மா. முழுப் பக்கம் எதுக்கு? ஷோரூம்காரங்க அப்புறம் வண்டியே தரமாட்டாங்க."

"பாராட்டு முழுப் பக்கம் வந்துச்சு சார். திருத்தமும் முழுப் பக்கம் வரணும். இல்லன்னா இனிமே நான் எழுதல."

அந்தத் திருத்தம் முழுப் பக்கத்தில் வந்தது. நீங்கள் படித்திருப்பீர்கள். "சென்ற மாதம் நான் எழுதியது தவறு. சந்தேகம் வந்தும் மறுபடி ஓட்டிப் பார்க்காமல் எழுதினேன்" என்று தொடங்கும். நோட்டைப் பற்றியோ என்னைப் பற்றியோ அதில் ஒரு சொல்கூட இல்லை.

ஆசிரியர் பயந்தபடியே ஷோரூம்காரர்கள் கார் கொடுப்பதை நிறுத்தினார்கள். இரண்டு ஞாயிறுகள் சும்மாவே போயின. மூன்றாவது ஞாயிறு காலையில் முருகேசன் சார் தன் மைத்துனரின் காரைக் கொண்டுவந்து எங்கள் தெருவில் நிறுத்தி, "இதப் பத்தி எழுதுங்க மேடம்" என்றார். அவர் வழியாகச் செய்தி பரவி, அதன்பிறகு வாசகர்கள் தங்கள் சொந்தக் கார்களைக் கொண்டுவந்து விடத் தொடங்கினார்கள். "என்ன ரீட்டா, டாக்சி ஸ்டாண்டு ஆரம்பிச்சிட்டியா?" என்று எதிர்வீட்டுக்காரர்கள் கேலி செய்தார்கள். கடைசி மாதம் வரை டி.ஆர். எழுதியதெல்லாம் வாசகர்கள் நம்பிக் கொடுத்த சாவிகளால் எழுதியது. எனக்கு மறுபடியும் பின்சீட்டில் இடம் கொடுத்தார், பென்சிலுக்குப் பதிலாகப் பேனாவும் கொடுத்தார்.

ஒருநாள், "ஆன்ட்டி, தப்பு என்னோடதுன்னு போட்டிருக்கலாமே" என்று கேட்டேன்.

"கோடு உன்னோடது தேனு. நம்பினது நான். பக்கத்துக்குக் கீழ இருக்கறது என் பேருதானே?" என்றார். "உன் பேர நீ போடற காலம் வரும். அப்ப நீ பாத்துக்கோ."

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இந்தப் பேச்சுதான். நான் ஒன்றை எழுதிக் கீழே பெயரைப் போட்டால், அதிலுள்ள தவறும் என்னுடையது.

இந்தக் கடைசிப் பத்தியை அச்சகத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். மற்றதை எல்லாம் படித்துவிட்டு ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். "நல்லா எழுதியிருக்கம்மா. அந்த அழிச்ச விஷயத்த மட்டும் எடுத்துடலாமா? பதினஞ்சு வயசுப் பொண்ணு நீ. நாளைக்கு யாராச்சும் ஏதாச்சும் சொல்லுவாங்க" என்றார். அதை எடுத்துவிட்டால், டி.ஆர். மழையில் சரியாக ஓட்டிப் பார்க்கத் தெரியாமல் எழுதிவிட்டார் என்றே வாசகர்கள் நினைத்துக்கொண்டிருப்பார்கள், அவர் கை முதல் நாளே சரியாகச் சொன்னது யாருக்கும் தெரியாமல் போய்விடும் என்றேன். "அது இல்லன்னா இதப் போட வேணாம் சார்" என்றேன். அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "முழுப் பக்கமா?" என்றார். "முழுப் பக்கம்" என்றேன். தாளின் மூலையில் சிவப்பு மையால் அப்படியே எழுதி, என் பெயரை முழுதாக எழுதச் சொல்லி, நாளைக்கு அச்சுக் கோக்கவேண்டிய தாள்களின் மேல் வைத்தார். வேலையாட்கள் போய்விட்டார்கள். அப்பா வெளியே ஸ்கூட்டரோடு காத்திருக்கிறார். ஆசிரியர் ஜன்னல்களைச் சாத்திவிட்டு வந்து, விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டிருக்கிறார்.